மூன்றாம் நம்பர் கன்ட்ரோல்

"எல்லாருக்கும் நீங்க ஊசி குத்துறீங்களே, உங்களுக்கு யாரு குத்துவாங்க?"

ஒரு தடவை ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி இப்படிக் கேட்டாள். ரத்தம் எடுக்கும் அறையில் அம்மாவின் மடியில் உட்கார்ந்து, அழுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்த பெண் சிரித்தபடி, "நானே குத்திக்குவேன்டா கண்ணு" என்றாள். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ரத்தம் எடுத்தாகிவிட்டது. சிறுமி அழ மறந்துபோனாள்.

ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் அந்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தவன். முப்பத்தைந்து வயது இருக்கும். அவன் அவளுடைய இடது முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முழங்கை மடிப்பில் ஒரு சின்னப் பஞ்சுத் துண்டு பிளாஸ்திரியோடு ஒட்டியிருந்தது. அவள் சட்டென்று கையை மடக்கிக்கொண்டாள்.

அந்த நிமிடத்திலிருந்து அவனை அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று.

அவளைக் குழந்தைகள் ஊசியக்கா என்பார்கள். நாளடைவில் பெரியவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பதினேழு வருடமாக அதே அறை, அதே நாற்காலி. பிறந்து பத்து நாளான குழந்தையின் நூல் போன்ற நரம்பும், எண்பது வயதுக்காரரின் நழுவி ஓடும் நரம்பும் அவள் விரலுக்கு அகப்பட்டுவிடும். ஒவ்வொரு நாளும் முதல் ஆளைத் தொடுவதற்கு முன் ஒரு கணம் கண்ணை மூடுவாள். 'கடவுளே, ஒரே குத்தில் கிடைக்கட்டும்.' அவ்வளவுதான் அவளுடைய பிரார்த்தனை. அதற்கு மேல் கேட்டு ஆண்டவனைத் தொந்தரவு செய்ததில்லை.

மூன்று வருடமாக அந்தப் பிரார்த்தனைக்கு அவசியம் கூடியிருந்தது. முடக்குவாதம். முதலில் இரண்டு கை விரல் கணுக்கள், பிறகு மணிக்கட்டு, பிறகு இடது தோள். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. ஐந்து மணிக்கே எழுந்து வெந்நீர்ப் பாத்திரத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவளுடைய வீட்டுக்காரர் கிளம்புவதற்கு முன் அவளுக்குச் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிடுவார். ஆறரைக்கு நிலையத்துக்கு வரும்போது கை ஒரு மாதிரி வழிக்கு வந்திருக்கும். இந்த விஷயம் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான்.

மற்றவர்களுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். நிலையத்தை நடத்தும் டாக்டரம்மா நல்லவர். ஆனால் கண்டிப்பானவர். விரல் மடங்காத கையில் ஊசியைக் கொடுக்க மாட்டார். கவுன்ட்டரில் உட்கார்ந்து ரசீது கிழிக்கச் சொல்லிவிடுவார். போதாக்குறைக்கு அந்த மாதம் ஒரு அறிவிப்பும் வந்திருந்தது. இனிமேல் ரத்தம் எடுக்கும் அறைக்கு ஒரே ஆள், இன்னொருவர் இயந்திரப் பக்கம் அல்லது கவுன்ட்டர் பக்கம். யார் எங்கே என்பதை மூன்று மாதம் பார்த்துவிட்டுத் தீர்மானிப்பாராம். அதைச் சொன்ன வாரமே இந்த ஆளையும் சேர்த்திருந்தார். எல்லோரும் அவனைப் புதுசு என்றார்கள்.

தன் நாற்காலிக்குத்தான் அவன் வந்திருக்கிறான் என்று ஊசியக்கா முடிவு செய்துகொண்டாள்.

இங்கே அவளுடைய ரகசியத்தின் இரண்டாம் பாதியைச் சொல்லியாக வேண்டும். அது அவள் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாதது.

நோய் வந்த புதிதில் ஒரு மூட்டு மருத்துவர் வாரம் ஒரு நாள் சாப்பிடும் மாத்திரையைக் கொடுத்திருந்தார். குமட்டியது. மாதாமாதம் வந்து காட்டச் சொன்னார். போனால் ஊர் பார்க்கும். ஆறு மாதத்தில் அவள் அதை நிறுத்திவிட்டாள். மருந்துக்கடையில் தானே கேட்டு வலி மாத்திரையும், வீக்கத்தை அமுக்கும் இன்னொரு சின்ன மாத்திரையும் வாங்கிக்கொண்டாள். எத்தனை மாத்திரை என்பதையும் தானே தீர்மானித்தாள். அதற்கு அவளிடம் அளவுகோல் இருந்தது.

திங்கட்கிழமைதோறும் மற்றவர்கள் வருவதற்கு முன், வலது கையால் தன் இடது கையில் குத்தி ரத்தம் எடுப்பாள். அதை மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி நிமிர்த்தி நிறுத்துவாள். ஒரு மணி நேரம். உடம்பில் வீக்கம் இல்லையென்றால் சிவப்பு அணுக்கள் அவசரப்படாமல் மெதுவாக இறங்கும். வீக்கம் இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வேகமாக விழும். எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று படித்து எழுதினால் ஆயிற்று. அவள் வயதுக்கு இருபதுக்குள் இருக்க வேண்டும். நாற்பது என்றால் ஒரு மாத்திரை, அறுபது என்றால் இரண்டு. இது அவளாகப் போட்டுக்கொண்ட விதி.

குழாயில் பெயர் எழுத வேண்டுமே? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். இயந்திரமும் கையும் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்க, அளவு முன்கூட்டியே தெரிந்த ரத்தத்தை முதலில் ஓட்டிப் பார்ப்பது அந்தத் தொழிலின் வழக்கம். அதற்குப் பெயர் கன்ட்ரோல். அது எப்போதும் ஒரே அளவைத்தான் காட்ட வேண்டும். அந்த நிலையத்தில் இரண்டு கன்ட்ரோல் உண்டு. பதிவேட்டில் அவள் மூன்றாவதாக ஒரு பத்தியைச் சேர்த்து, கன்ட்ரோல் மூன்று என்று தலைப்பு போட்டுத் தன் எண்ணை அதில் எழுதி வந்தாள். டாக்டரம்மா முதல் இரண்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார். நோயாளி பெயரை யாராவது விசாரிப்பார்கள். கன்ட்ரோலை யார் விசாரிக்கப் போகிறார்கள்?

புதுசு விசாரித்தான்.

"அக்கா, இந்த மூணாவது கன்ட்ரோல் எந்தக் கம்பெனி?"

"பழசு. உனக்கெதுக்கு?"

"இல்ல, பாட்டில காணோமேன்னு கேட்டேன்."

"வேலைய பாரு தம்பி. வந்து ஒரு வாரம் ஆகல, பாட்டிலத் தேடுறியா?"

அவன் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தான். சட்டைப் பையிலிருந்து கைக்கு அடக்கமான ஒரு நோட்டை எடுத்து ஏதோ எழுதினான். அவள் பதிவேட்டை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு எங்கே பார்த்தாலும் அந்த நோட்டுதான் தெரிந்தது. அவள் மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்க நின்றால் அவன் எதிரே நின்றிருப்பான். ஒரு பார்வை, பிறகு நோட்டு. இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டால் ஒரு பார்வை, பிறகு நோட்டு. ஒரு நாள் அவள் உள்ளே நுழைந்தபோது அவன் டாக்டரம்மாவிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தான். இவளைப் பார்த்ததும் இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

இன்னொன்றும் நடந்தது. காலையில் அவள் இயந்திரப் பக்கம் போனால் ரசாயனப் பாட்டில்களின் மூடிகள் தளர்ந்திருந்தன. கழன்றுவிடாமல், ஒரே ஒரு சுற்று. முதல் நாள் தற்செயல் என்று நினைத்தாள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் முழுசாக எண்ணிப் பார்த்தாள். அவள் தொடும் பதினோரு பாட்டிலும் தளர்ந்திருந்தன. அவன் தொடுகிற பாட்டில்கள் மட்டும் இறுக்கமாக இருந்தன.

மூடி தளர்ந்தால் ரசாயனம் கெடும். கெட்டால் முடிவு தப்பாக வரும். தப்பாக வந்தால் பழி யார் தலையில் விழும்?

தரை துடைக்க வரும் பெண்ணுக்கு விசில் என்று பெயர். எந்நேரமும் உதட்டில் ஏதாவது ஒரு மெட்டு இருக்கும். ஊசியக்காவும் அவளும் ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"விசில், அந்தப் புதுசு நோட்டுல என்ன எழுதுதுன்னு எப்பவாவது பாத்தியா?"

"எனக்கென்னவோ கவிதை மாதிரி இருக்கு. வரி வரியா, குட்டி குட்டியா."

"கவிதையாம் கவிதை! கோள் மூட்டுற நோட்டு அது."

"அட போ ஊசி. அந்த மூஞ்சிக்குக் கோள் மூட்டத் தெரியுமா? போன வாரம் என்கிட்ட வந்து, இந்தக் கட்டடத்துல லிஃப்ட் எங்க இருக்குன்னு கேட்டுச்சு. ஒரு மாடிக் கட்டடத்துல! கீழ இருக்கிற மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சிரிச்சு சிரிச்சு அவர் போட்டிருந்த கண்ணாடியே கழண்டு விழுந்துச்சு."

"சிரிக்காத. மூடியெல்லாம் திறந்து வைக்கிறான்."

விசில் துடைப்பதை நிறுத்தினாள். "உன்ன மாட்டிவிடவா?"

"வேற எதுக்கு?"

விசில் மறுபடி தரையைத் துடைக்கத் தொடங்கினாள். ஒளிப்பதற்கு ஏதாவது வைத்திருக்கும் மனது, தன்னைப் பார்க்கிற கண்ணெல்லாம் தேடுகிற கண் என்றே நினைக்கும். பார்க்கிறவர்களில் அக்கறையாகப் பார்க்கிறவரும் இருக்கலாம் என்று அதற்குத் தோன்றாது. ஊசியக்கா கெட்டவள் இல்லை. பயந்திருந்தாள். பயந்தவர்களிடம் கடவுள் கொஞ்சம் பொறுமையாகவே இருப்பார் என்று நாம் நம்பலாம்.

அந்த நாட்களில்தான் படியேறும்போது நெஞ்சை யாரோ உள்ளங்கையால் அழுத்துவது போல இருக்கத் தொடங்கியது. தோளில் ஆரம்பித்துத் தாடை வரை ஒரு வலி போகும். நின்றால் போய்விடும். தோள் வலி அவளுக்குப் பழகியதுதான். தாடையிலும் மூட்டு இருக்கிறதே, நோய் அங்கேயும் ஏறிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டாள். மாத்திரையைக் கூட்டினாள். கன்ட்ரோல் மூன்று அந்த வாரம் எழுபத்தெட்டு காட்டியது.

இருந்தாலும் உள்ளூர ஒரு உறுத்தல். அவளுக்குத் தெரியாத தொழிலா? ஒரு திங்கட்கிழமை அதே ரத்தத்தில் கொழுப்பையும் பார்த்துவிட்டாள். இயந்திரம் தாளைத் துப்பியது. மொத்தக் கொழுப்பு குறைவு. கெட்ட கொழுப்பும் குறைவு. போன வருடத்தைவிடவும் குறைவு. எத்தனையோ பேர் பட்டினி கிடந்து, ஓடி, வியர்த்து வாங்க ஆசைப்படுகிற எண்.

அவள் அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நெஞ்சு சுத்தம். வலியெல்லாம் மூட்டுதான். ஆண்டவனுக்கு நன்றி சொல்லிவிட்டுத் தாளை நான்காகக் கிழித்துக் குப்பையில் போட்டாள்.

நிம்மதி வந்ததும் கோபத்துக்கு இடம் கிடைத்தது. அன்றைக்கே டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள்.

"டாக்டர், சொல்லக் கூடாதுன்னு பாத்தேன். புதுசு தினமும் பாட்டில் மூடியத் தளர்த்தி வைக்குது. என் பாட்டில மட்டும்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "உன் பாட்டில மட்டுமா? நிச்சயமாத் தெரியுமா?"

"பதினோரு பாட்டில் டாக்டர். எண்ணியிருக்கேன்."

அவனைக் கூப்பிட்டார்கள். வந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"மூடியெல்லாம் நீதான் திறந்தியா?"

"ஆமா டாக்டர்."

அவன் மறுப்பான் என்றுதான் அவள் எதிர்பார்த்து வந்திருந்தாள்.

"ஏன்?"

அவன் ஒரு தரம் ஊசியக்காவைப் பார்த்தான். உடனே தரையைப் பார்த்துக்கொண்டான். "தப்புதான் டாக்டர். அக்கா மெஷின் பக்கம் வர்றதுக்கு பத்து நிமிஷம் முன்னாடிதான் திறப்பேன், கெடாது. இருந்தாலும் தப்புதான். இனிமே செய்ய மாட்டேன்."

"ஏன்னு கேட்டேன்."

"காரணம் எதுவும் இல்ல டாக்டர்."

எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். இன்னொரு தடவை என்றால் வேலை போய்விடும். அவன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்.

மாலையில் வீட்டில் நடந்ததை எல்லாம் சொன்னாள். வேன் டயரைக் கழுவிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் குழாயை நிறுத்தினார்.

"கேட்ட உடனே ஒத்துக்கிட்டானா?"

"ஆமா."

"கெடுக்கணும்னு நினைக்கிறவன் அப்படி ஒத்துக்க மாட்டானேம்மா."

"நீங்க யாரு பக்கம்?"

"நான் உன் சட்டைப் பொத்தான் பக்கம். நாளைக்கும் நான்தானே போட்டுவிடணும்?"

அவள் சிரிக்கவில்லை. ஜெயித்த மாதிரியும் இல்லை. சாப்பாடு மண்ணாக இருந்தது.

மறுநாள் மூடிகள் எல்லாம் இறுக்கமாக இருந்தன.

முதல் இரண்டைத் துணி வைத்து, உள்ளங்கையால் அழுத்தி எப்படியோ திறந்தாள். மூன்றாவது அசையவில்லை. விரல் கணுக்கள் நெருப்பாக எரிந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு தோளோடு சேர்த்துத் திருகினாள். அப்போது அந்த வலி வந்தது. தோளில் தொடங்கித் தாடைக்குப் போயிற்று. ஆனால் இந்தத் தடவை நின்ற பிறகும் போகவில்லை. நெஞ்சின் மேல் ஒரு சாக்கு மூட்டையை வைத்தது போல இருந்தது. நெற்றியில் குளிர்ந்த வியர்வை.

அவள் மேசையைப் பிடித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். புதுசு ஓடி வந்தான்.

"அக்கா, என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல. தோளு பிடிச்சுக்கிச்சு. நீ போ."

"தாடை வலிக்குதா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். தாடை வலி இவனுக்கு எப்படித் தெரியும்? "உனக்கு யாரு சொன்னது? அதையும் எழுதிட்டியா?"

"அக்கா..."

"எடு அந்த நோட்ட. இப்பவே எடு. என்னப் பத்தி என்னடா எழுதுற?"

வாதாட நேரம் இல்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நோட்டை மேசையில் விரித்து வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தான். சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவைக் கூப்பிட்டான். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் நோட்டைப் படித்தாள். கோள் எதுவும் இல்லை, கவிதையும் இல்லை. தேதி, எண், ஒரு வரி. கன்ட்ரோல் மூன்று, நாற்பத்திரண்டு. கன்ட்ரோல் மூன்று, ஐம்பத்தைந்து, படியில் நின்றார். அறுபத்தொன்று, தோள். எழுபத்தெட்டு, தாடையைத் தடவினார்.

"கன்ட்ரோல் ஏறாதுக்கா" என்றான் அவன், தொலைபேசியை வைத்துவிட்டு. "ஏறினா அது கன்ட்ரோல் இல்ல. யாரோ ஒரு ஆளு. உங்க கையில பஞ்சப் பாத்தன்னைக்கே எனக்குச் சந்தேகம்."

"இது மூட்டு வலி தம்பி. நான் கொழுப்பே பாத்துட்டேன். ரொம்பக் கம்மி."

"எங்கம்மாவுக்கும் கம்மியாத்தான் இருந்துச்சு."

அவன் அவள் முதுகுக்குக் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டான். "அவங்களும் இப்படித்தான், உள்ளங்கையால மூடி திறப்பாங்க. எந்த வலி வந்தாலும் மூட்டு வலின்னே சொல்லிக்கிட்டாங்க. ஐம்பத்திரண்டு வயசு. சமையல்கட்டுல தாடையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாங்க. நான் தைலம் எடுக்க ஓடினேன்க்கா. தைலம் எடுக்க."

விசிலும் டாக்டரம்மாவும் வந்துவிட்டார்கள். டாக்டரம்மா நாடியைப் பிடித்தபடி அவள் வாயில் ஒரு மாத்திரையைப் போட்டு மென்று விழுங்கச் சொன்னார். அவளை ஒரு நாற்காலிக்கு மாற்றி, அதோடு தூக்கிப் படியிறக்கினார்கள். முன்பக்கம் புதுசு, பின்பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரும் விசிலும். அந்த நிலையிலும் ஊசியக்காவின் மனது ஓயவில்லை. இப்படி எல்லோரும் பார்க்கத் தூக்கிக்கொண்டு போனால் நாற்காலி நம்முடையதாக இருக்குமா? இவனுக்கு அதுதானே வேண்டும்? சாலையைக் கடக்கும்போது அவன் வண்டிகளை நிறுத்தச் சொல்லிக் கத்திய கத்தலில்தான், முதல் தடவையாக, இவன் வேறு எதற்கோ பயப்படுகிறான் என்று அவளுக்குப் பட்டது.

இதயத்தின் ஒரு குழாய் முக்கால்வாசிக்கு மேல் அடைத்திருந்தது. சரியான நேரத்தில் வந்ததால் ஒரு சின்னக் கம்பிச் சுருளை வைத்துத் திறந்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் இதய மருத்துவர் அவள் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். பக்கத்தில் வீட்டுக்காரரும் இருந்தார்.

"இந்த நோய்ல வீக்கம் மூட்டோட நிக்காதும்மா. ரத்தம் போற இடமெல்லாம் போகும். குழாயோட உள்சுவரும் வீங்கும், புண்ணாகும். புண்ணான சுவர்ல கொழுப்பு சுலபமா ஒட்டிக்கும். அதனாலதான் உங்கள மாதிரி ஆளுங்களுக்கு இதய நோய் மத்தவங்களவிட அதிகமா வருது."

"ஆனா கொழுப்பு கம்மியா இருந்துச்சே டாக்டர். நானே பாத்தேன்."

"அங்கதான் ஏமாந்துட்டீங்க. உடம்புல வீக்கம் கொதிக்கும்போது ரத்தத்துல கொழுப்போட அளவு இறங்கிடும். எண் கம்மியாத் தெரியும், ஆபத்து கூடும். மத்தவங்களா இருந்தா அந்தத் தாளை எடுத்துக்கிட்டு ஒரு டாக்டர்கிட்ட வந்திருப்பாங்க. உங்களுக்குப் படிக்கத் தெரிஞ்சதுதான் வினையாப் போச்சு." பிறகு அவள் சாப்பிட்ட மாத்திரைகளின் பெயரைக் கேட்டார். கேட்டதும் நெற்றியைச் சுருக்கினார். "இதெல்லாம் வலிய மறைக்கும். கணக்கில்லாம சாப்பிட்டா இதயத்துக்கும் சுமை. இனிமே மூட்டு டாக்டர் சொல்றதுதான் அளவு. வீக்கத்த அடக்கினா மூட்டும் பிழைக்கும், நெஞ்சும் பிழைக்கும்."

வீட்டுக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் போன பிறகு, "பொத்தான் போட்டுவிட்ட எனக்கே தெரியாமயா இத்தனையும்?" என்றார். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. அவள் அழுது முடிக்கும் வரை கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். விரல் கணுக்கள் வலிக்காதபடி, மணிக்கட்டுக்கு மேலே.

எட்டு வாரம் கழித்து ஊசியக்கா நிலையத்துக்குத் திரும்பினாள். வாராந்திர மாத்திரை, அதன் குமட்டலுக்கு இன்னொரு மாத்திரை, இதயத்துக்கு மூன்று. விரல்கள் முழுசாகச் சரியாகவில்லை. ஆனால் காலையில் பொத்தான்களில் பாதியைத் தானே போட்டுக்கொள்ள முடிந்தது.

நேராக டாக்டரம்மாவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். கன்ட்ரோல் மூன்று, மறைத்த நோய், மூடி, பொய்ப் புகார். சொல்லிவிட்டு, "இனி என்னைக் கவுன்ட்டர்ல போட்டாலும் சரி டாக்டர்" என்றாள்.

டாக்டரம்மா பதிவேட்டை எடுத்து மூன்றாவது பத்தியைப் பார்த்தார். "பதிவேட்டுல பொய் எழுதினது பெரிய தப்பு. அதுக்கு உனக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. அவன் எச்சரிக்கைய உன்னைத் தூக்கிட்டுப் போன அன்னைக்கே கிழிச்சுட்டேன். உன் கைக்காகத்தான் மூடியத் தளர்த்தி வச்சான்னு அப்பத்தான் புரிஞ்சுது." பிறகு, "ஒரு நாள் வந்து என்கிட்ட கேட்டான். ஒருத்தருக்கு வீக்கம் வாரா வாரம் ஏறுது, படியேறினா நிக்கிறாங்க, என்ன செய்யணும்னு. உடனே இதயத்தப் பாக்கச் சொல்லுன்னேன். யாருன்னு கேட்டேன், சொல்லல. அவங்களே சொல்லணும் டாக்டர், நான் சொன்னா வேலை போயிடும்னு பயப்படுவாங்கன்னான். நானும் விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது."

அவள் தலை குனிந்து நின்றாள்.

"குழந்தைங்களுக்கும் வயசானவங்களுக்கும் நீதான் எடுக்கணும். மதியம் வரைக்கும். கை ஓடாத நாள்ல வாயத் திறந்து சொல்லணும். மத்த நேரம் அவன். நாற்காலி ஒண்ணுதான், ஆளு ரெண்டு. ஒத்துப் போறீங்களா பாக்கலாம்."

வெளியே வந்து புதுசைத் தேடிப் பிடித்தாள். என்ன சொல்வது என்று எட்டு வாரமாக யோசித்து வைத்திருந்தது எல்லாம் அவனைப் பார்த்ததும் மறந்துவிட்டது.

"தம்பி, நான் உன்ன..."

"அக்கா, அந்தப் பேச்ச விடுங்க. வெளிய ஒரு பாப்பா நிக்குது, என்னைப் பாத்தாலே அலறுது. நீங்க வாங்க."

அதோடு சரி. அடுத்த இரண்டு வாரமும் அவள் ஆரம்பித்தாள், அவன் நழுவினான். நன்றியை வாங்கிக்கொள்ளத் தெரியாதவர்கள் சிலர் உண்டு. கொடுக்க முயன்றால் காதெல்லாம் சிவந்து, வேலை இருப்பதாகச் சொல்லி ஓடிவிடுவார்கள். அவர்களிடம் வார்த்தையால் எதையும் தீர்க்க முடியாது.

ஒரு சனிக்கிழமை விசில் வாளியைக் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள்: "தெரியுமா ஊசி, நீ இல்லாதப்போ உன் குளிர்பெட்டி முறை வந்துச்சு."

ரசாயனங்கள் வைக்கும் குளிர்பெட்டியை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிலையம் மூடியிருக்கும் நாளில், அணைத்துப் பனியை உருக்கித் துடைக்க வேண்டும். ஒரு மாதம் ஊசியக்கா, அடுத்த மாதம் இன்னொருவர். யாருக்கும் பிடிக்காத வேலை. விரலெல்லாம் மரத்துப்போகும்.

"யாரு செஞ்சது?"

"புதுசுதான். தாள்ல உன் பேருக்கு நேரா டிக் போட்டு வச்சிருக்கு, நீயே வந்து செஞ்ச மாதிரி. கேட்டா, அக்கா பேரு காலியா இருந்தா நல்லா இருக்காதுங்குது. நான் சொன்னேன்னு சொல்லிடாத, என்னைக் கொன்னுடும்."

"சொல்ல மாட்டேன்" என்றாள் ஊசியக்கா.

மறுநாள் ஞாயிறு. அவனுடைய முறை. பத்து மணிக்குத்தான் வருவான்.

அவள் ஏழு மணிக்கு வந்து கதவைத் திறந்தாள். வீட்டில் மருந்து வாங்கப் போவதாகச் சொல்லியிருந்தாள். அந்தச் சின்னப் பொய்யை மேலே இருப்பவர் மன்னிப்பார் என்று தோன்றியது. நாற்காலிகள் எல்லாம் மேசை மேல் கவிழ்ந்திருந்தன. குளிர்பெட்டியை அணைத்தாள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கையுறைகளை மாட்டிக்கொண்டாள். கொண்டுவந்த வெந்நீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றிப் பக்கத்தில் வைத்தாள். பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து, எது எந்தத் தட்டில் எந்த வரிசையில் இருந்தது என்று பார்த்துப் பார்த்து, பனிக்கட்டி போட்ட பெட்டிக்குள் அடுக்கினாள். நான்கு பாட்டிலுக்கு ஒரு தரம் கையை வெந்நீரில் வைத்து எடுத்தாள். அவசரப்படவில்லை. இனி அவசரப்படுவதில்லை என்று மூட்டு மருத்துவரிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

பனி உருகிச் சொட்டியது. தண்ணீரை வாளியோடு தூக்காமல் குவளை குவளையாக மொண்டு கொண்டுபோய் ஊற்றினாள். தட்டுகளைத் துடைத்தாள், மூலைகளைத் துடைத்தாள், கதவின் ரப்பர் விளிம்பை இரண்டு தரம் துடைத்தாள். எல்லாவற்றையும் பழைய வரிசையிலேயே திரும்ப வைத்துக் குளிர்பெட்டியை மறுபடி போட்டாள். அது ஒரு தரம் உறுமிவிட்டு ஓடத் தொடங்கியது.

வெப்பமானி நான்கு டிகிரிக்கு இறங்கும் வரை ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தாள். பிறகு சுவரில் தொங்கிய தாளுக்குப் போய், அவன் பெயருக்கு நேரே, அவன் போடுவது போலவே கொஞ்சம் சாய்வாக, ஒரு டிக் போட்டாள்.

ஈரத் துணியைப் பிழிந்து தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். மணி ஒன்பது. விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.